முதல் பைக்: அக்கா மகனுக்குச் சொன்னது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காபி கூடக் குடிக்கவில்லை, ஊரிலிருந்து அக்கா போன்.

"தம்பி, இவன் பைக்கு வாங்கப் போறானாம். நான் எதாச்சும் சொன்னா எம்மேலயே பாயுறான். நீ சொன்னாத்தான் கேப்பான்."

நான் சொன்னால் கேட்பான் என்று அக்கா இன்னும் நம்புகிறாள். பாவம். :-)

பயலுக்கு 22 வயது. இங்கே புனேயில்தான் ஹிஞ்ஜவாடியில் வேலை. வாகட் பக்கம் நாலு பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். அன்று சாயங்காலமே வீட்டுக்கு வரச் சொன்னேன். வந்ததும் செல்போனில் படத்தைக் காட்டினான். 390 ட்யூக்.

"நம்ம சாகன்லயே செய்யுறது மாமா. லோக்கல் வண்டி" என்றான். (நல்ல காரணம்தான்!)

2023-ல் வந்த தலைமுறை அது. 399 சிசி, சுமார் 45 குதிரைத் திறன், எடை 168 கிலோ. இதுவரை இவன் ஓட்டியது என்ன? ஊரில் அக்காவின் ஸ்கூட்டர். கியர் கிடையாது, எட்டுக் குதிரை கூட முழுசாக இருக்காது. லைசென்ஸ் எடுக்க டிரைவிங் ஸ்கூல்காரரின் 100 சிசி வண்டியில் 'எட்டு' போட்டிருக்கிறான். காலை ஊன்றாமல் போட்டுவிட்டான், கியர் வண்டி லைசென்ஸ் கொடுத்துவிட்டார்கள். அந்த அட்டையை வைத்துக்கொண்டு நாளைக்கே 1000 சிசி வண்டி கூட ஓட்டலாம். சட்டம் ஒன்றும் சொல்லாது.

என் வருத்தமே இதுதான். ஐரோப்பாவில் படிப்படியாகத்தான் ஏற முடியும். 16 வயதில் ஏ1 உரிமம்: 125 சிசி, 11 கிலோவாட், அதாவது 15 குதிரைக்குள். 18 வயதில் ஏ2: 35 கிலோவாட் வரை. அதற்கும் மேலே போக ஏ2-வில் இரண்டு வருடம் ஓட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 24 வயது ஆகியிருக்க வேண்டும். நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் முதல் படி ஒன்று உண்டு. 16 வயதில் 50 சிசி வரை ஓட்டலாம். ஆனால் இன்றைக்கு எந்த ஷோரூமில் 50 சிசி வண்டி வைத்திருக்கிறார்கள்? 18 ஆகிவிட்டால் ஒரேயடியாக மொட்டைமாடிதான்.

எங்கள் காலத்தில் சட்டம் போடாத படிகளை வறுமை போட்டு வைத்திருந்தது. முதலில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல். அப்புறம் அப்பாவின் டிவிஎஸ் 50, அதுவும் கடைக்குப் போய்வர மட்டும். அப்புறம் சித்தப்பாவின் ஸ்ப்ளெண்டர், அவர் தூங்கும்போது. பெரிய வண்டி கைக்கு வருவதற்குள் பத்து வருடம் விழுந்து எழுந்திருப்போம். இன்றைக்குப் பையன்களுக்கு முதல் சம்பளத்திலேயே இ.எம்.ஐ. கிடைத்துவிடுகிறது. கொடுப்பவர்களுக்கு இவன் ஓட்டுவானா என்பதா கவலை, கட்டுவானா என்பதுதானே?

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை.

2007-ல் நான் இங்கே வந்த புதிதில், ஆபீஸில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்று அவருடைய 350 சிசி வண்டியை வாங்கினேன். என்ன வண்டி என்று சொல்ல வேண்டாம், சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். செப்டம்பர் மழை. பாலத்துக்கு அடியில் சிக்னலில் நிற்கிறேன். வேகம் பூஜ்யம். இடது காலை ஊன்றிய இடத்தில் தண்ணீருக்கு அடியில் பள்ளம். வண்டி ஒரு பத்து டிகிரி சாய்ந்தது. 112 கிலோ ஸ்ப்ளெண்டராக இருந்தால் இழுத்து நிமிர்த்தியிருப்பேன். இது அதைவிட எவ்வளவோ கனம். மெதுவாக, மரியாதையாக, என்னையும் கூட்டிக்கொண்டு படுத்தது. கணுக்காலில் ஆறு வாரம் மாவுக்கட்டு. அம்மாவிடம் போனில் "சும்மா சுளுக்கு" என்று சொன்னேன்.

என் கதை காமெடி. இன்னொன்று அப்படி இல்லை. அதே வருடம் எங்கள் ஆபீஸில் மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன், புது வண்டி எடுத்து ஏழாவது நாள், காத்ரஜ் மலைப்பாதையில் திருப்பத்தில் பயந்து பின் பிரேக்கை மட்டும் மிதித்து வழுக்கிப் போய்விட்டான். அவன் அம்மா ரிசர்வேஷன் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் உட்கார்ந்து வந்தார். மராத்தி தெரியாது, இந்தியும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஃபாரம் எல்லாம் நான்தான் எழுதினேன். "கையெழுத்து எங்கப்பா போடணும்?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பையன் பிழைத்துவிட்டான். இடது கை மட்டும் இன்றைக்கும் முழுசாக நீளாது.

ஊரில் விழுந்தால் தூக்க மாமன் மச்சான் வருவான். இங்கே விழுந்தால் அம்மா ரயில் ஏற வேண்டும். வெளியூரில் வண்டி வாங்குகிறவன் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும். 2022-ல் நம் நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள்.

அதனால் என் கட்சி இது: முதல் பைக் ஆசைப்பட்ட பைக்காக இருக்கக்கூடாது. கீழே போட்டாலும் மனசு வலிக்காத பைக்காக இருக்க வேண்டும். அதில் ஒன்றிரண்டு வருடம் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆசைப்பட்டது அதற்கப்புறம்.

எப்படிப் பார்த்து வாங்குவது? மருமகனுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் கால். வண்டியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் பதிகிறதா என்று பாருங்கள், நுனி விரல் போதாது. புதுசாக ஓட்டுகிறவன் விழுவது பெரும்பாலும் வேகத்தில் இல்லை. யு-டர்ன், சிக்னல், பார்க்கிங், மண் மேடு, இங்கேதான். இங்கெல்லாம் உங்களைக் காப்பாற்றுவது குதிரைத் திறன் அல்ல, கால் நீளமும் வண்டி எடையும்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒரு வட்டம் சுற்றிப் பாருங்கள். மூச்சு வாங்கினால் அந்த வண்டி இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்தது கை. புதுசாக ஓட்டுகிறவன் பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தன்னை அறியாமல் ஆக்சிலேட்டரை முறுக்குவான். எட்டுக் குதிரை வண்டி "ம்ம்ம்" என்று முனகும், அவ்வளவுதான். 45 குதிரை வண்டி முன்னால் நிற்கும் பஸ்ஸுக்குள் கொண்டுபோய்விடும். தப்பு ஒன்றேதான், தண்டனைதான் வேறு. ஹாஃப் கிளட்சில் ஊர்ந்து போகவும், மேட்டில் நின்று கிளம்பவும், கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தை இறக்கவும் மன்னிக்கிற வண்டியில்தான் கற்க முடியும்.

பிரேக் விஷயத்தில் எதிர்க்கட்சிக்கு ஒரு மார்க் கொடுத்தாக வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்குக் கீழே சிபிஎஸ் இருந்தால் போதும் என்று விட்டார்கள். அதாவது, கற்றுக்குட்டி வாங்குகிற சின்ன வண்டியில்தான் பாதுகாப்பு குறைச்சல். இது எனக்கும் உறுத்துகிறது. அதனால் நல்ல உயரமும், கியர் வண்டி ஓட்டிய பழக்கமும் இருப்பவர்கள் ஏபிஎஸ் உள்ள 150, 160 சிசி வண்டிக்குப் போனால் சண்டைக்கு வர மாட்டேன். 125-லும் சில மாடல்களில் ஏபிஎஸ் வந்துவிட்டது. எதுவானாலும், "முன் பிரேக் பிடிக்காதே, தூக்கிப் போட்டுடும்" என்று ஊரில் சொல்லிக்கொடுத்ததை மறந்துவிடுங்கள். பிரேக் போட்டதும் எடை முன்னால் சாய்கிறது, எனவே வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குக்குத்தான். காலி மைதானத்தில் நேராகப் போய், இரண்டையும் சேர்த்து அழுத்தி நிறுத்திப் பழக வேண்டும். காத்ரஜில் விழுந்த பையனுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கடைசியாகப் பணம். என் ஓட்டு செகண்ட் ஹேண்டுக்கு. இந்த ஊரில் வேலை மாறிப் போகிறவர்கள் நிறைய, வண்டிக்குப் பஞ்சமில்லை. எம்.எச். 12, எம்.எச். 14 நம்பராகப் பாருங்கள். வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி., மறுபதிவு என்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் குடியிருக்க வேண்டும். ஆர்.சி.யில் கடன் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து, ஃபாரம் 29, 30-ல் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கையுறை, ரெயின்கோட். (ஹெல்மெட் கட்டாயத்துக்கு எதிராக 2019 ஜனவரியில் ஊர்வலமே போன ஊர் இது. நீங்கள் அந்த ஊர்வலத்தில் சேர வேண்டாம்.)

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மருமகன் மூன்று கேள்வி கேட்டான்.

"ரெண்டு தடவை வாங்கினா ரெட்டைச் செலவுதானே மாமா?" இல்லை. பழைய 125-ஐ இரண்டு வருடம் ஓட்டி விற்றால் சில ஆயிரங்கள்தான் நஷ்டம். புது 390-ன் ஒரு பக்கத்தை ரோட்டில் தேய்த்தால் ஆகிற செலவை விசாரித்துப் பார்.

"ஹைவேல பெரிய வண்டிதானே ஸ்டெடியா நிக்கும்?" உண்மைதான். ஆனால் நீ தினமும் போவது வாகட் டிராஃபிக்கில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில். மும்பை எக்ஸ்பிரஸ்வேயிலோ இரு சக்கர வண்டியை விடவே மாட்டார்கள்.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிப்பாங்க மாமா." இதற்குத்தான் என்னிடம் சரியான பதில் இல்லை. நானும் அதற்குப் பயந்துதான் 2007-ல் அந்த வண்டியை வாங்கினேன். அதை மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

போன சனிக்கிழமை பாஷாணில் ஒரு 125 பார்க்கப் போனோம். நாலு வருட வண்டி, டேங்கில் ஒரு சொட்டை. உட்கார்ந்தான், இரண்டு காலும் பதிந்தது. கிளம்பும்போது மூன்று தடவை ஆஃப் ஆனது. நாலாவது தடவை தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தான். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரெண்டு வருஷம் கழிச்சு நான் அத வாங்கும்போது நீங்க தடுக்கக்கூடாது மாமா" என்றான்.

"தடுக்க மாட்டேன் மாப்ள. கூடவே வந்து முதல் ரவுண்டு நான்தான் ஓட்டுவேன்" என்றேன்.

பி.கு.: இராத்திரி அக்கா போன். "நீ சொன்னாத்தான் கேப்பான்னு அப்பவே சொன்னேன்ல?"