ஓடிபி யார் போனுக்கு வருது? காலேஜ் அட்மிஷனில் மார்க்கைத் தாண்டி கவனிக்க வேண்டியவை!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் அலைமோதும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல், பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ. கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் கேட்பார்: "மெயில் ஐடி இருக்காப்பா?" "இல்லண்ணா." "சரி விடு, நானே ஒண்ணு போட்டுக்கிறேன். போன் நம்பர்?" அப்பாவின் நம்பருக்கு ரீசார்ஜ் முடிந்திருக்கும். அந்த இடத்திலும் சென்டர்காரர் நம்பரே போய் உட்கார்ந்துவிடும்.

விண்ணப்பம் முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுவோம். ஆனால், கலந்தாய்வு முடியும் வரை வரும் ஒவ்வொரு ஓடிபியும் ஒவ்வொரு அறிவிப்பும் அந்த நம்பருக்குத்தான் போகும். கடைக்கு லீவு என்றால்? அவர் கவனிக்காமல் விட்டால்?

நல்ல மார்க் எடுத்தும் தேதியைத் தவறவிட்டு இடத்தை இழக்கும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் அண்ணனோ அக்காவோ காலேஜ் போயிருந்தால் "இதைப் பாரு, அதை எடுத்து வை" என்று சொல்ல ஆள் இருக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்கு அந்த ஆள் கிடையாது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

பொறியியல் கலந்தாய்வில் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு 2018-ல் ஆன்லைனுக்கு மாறியது. அதுவரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இந்தக் கலந்தாய்வை, 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. விண்ணப்பம் போடுவது முதல் படிதான். சான்றிதழ் சரிபார்ப்பு, ரேங்க் பட்டியல் எல்லாம் முடிந்த பிறகு, உங்கள் சுற்று வரும்போது விருப்பக் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தித் தர வேண்டும். பிறகு தற்காலிக ஒதுக்கீடு வரும்.

அப்போது உங்கள் முன் இருக்கும் வழிகள் இவை. கிடைத்த இடத்தை ஏற்று அங்கேயே சேரலாம். ஏற்றுக்கொண்டு, உங்கள் பட்டியலில் அதற்கு மேலே இருக்கும் இடம் காலியானால் வேண்டும் என்று காத்திருக்கலாம். கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லி, மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருக்கலாம். அடுத்த சுற்றுக்குப் போகலாம். இல்லையென்றால் கலந்தாய்விலிருந்தே விலகலாம்.

இதில் ஒன்றைத் தேர்வு செய்ய மிகச் சில நாட்கள்தான் தருவார்கள். அதற்குள் உறுதி செய்யாவிட்டால் ஒதுக்கிய இடம் கைவிட்டுப் போகும். "ஏற்றுச் சேர்கிறேன்" என்று சொன்னவர் குறித்த தேதிக்குள் கல்லூரிக்குப் போகாவிட்டாலும் அதே கதிதான். இவ்வளவு பெரிய முடிவை, சென்டர்காரர் அவசரத்தில் அழுத்தும் ஒரு பட்டனிடம் விட்டுவிடலாமா?

ஒரே விண்ணப்பம் எல்லாத்துக்கும் போதாதா?

போதாது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம். அங்கே ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்வு செய்யலாம். ஆனால், ரேங்க் பட்டியலும் கலந்தாய்வும் கல்லூரிக்குக் கல்லூரி தனித்தனி. இரண்டு கல்லூரிகள் ஒரே நாளில் அழைத்தால் எங்கே போவது என்பதை முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும்.

வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பம். நீட் எழுதியவர்களுக்கோ இரண்டு கதவுகள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு மத்திய கலந்தாய்வுக் குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். மாநில இடங்களுக்கு மாநிலத் தேர்வுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்றில் பதிவு செய்தால் இன்னொன்றில் தானாகப் பெயர் வராது.

எந்தச் சான்றிதழில் சறுக்குகிறார்கள்?

முதல் சறுக்கல் சாதிச் சான்றிதழில். பிசி, எம்பிசி என்று மாநில அரசு தரும் சான்றிதழ் இங்குள்ள கலந்தாய்வுகளுக்குச் செல்லும். ஐஐடி, என்ஐடி போன்ற மத்திய நிறுவனங்களில் இட ஒதுக்கீடு கேட்க, மத்திய அரசு வடிவத்தில் தனியாக ஓபிசி சான்றிதழ் வேண்டும். கிரீமி லேயரில் வரவில்லை என்பதையும் அது சொல்ல வேண்டும். போன வருஷம் வாங்கியது பெரும்பாலும் செல்லாது என்பதால், அதிலிருக்கும் தேதியைப் பாருங்கள்.

அடுத்து, முதல் பட்டதாரி சான்றிதழ். பெற்றோர் மட்டுமல்ல, கூடப் பிறந்தவர்களில் ஒருவர் பட்டம் பெற்றிருந்தாலும் இது கிடைக்காது. தகுதி இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருவாய்த் துறை அலுவலர்கள் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து ஒப்புதல் தர நாட்கள் ஆகும். ரிசல்ட் வந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவதால் தாமதம் இன்னும் கூடும். தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுவது நல்லது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்று வேண்டும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போக வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் அங்கே ஆள் இருப்பாரா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கடைசியாக, பெயர். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மார்க் ஷீட்டில் வெறும் இன்ஷியல் என்று இருக்கும். விண்ணப்பத்தில் மார்க் ஷீட்டில் உள்ளபடியே, புள்ளி, இடைவெளி உட்பட எழுதுங்கள்.

சரி, என்னதான் செய்யணும்?

பெரிய ஆப் எதுவும் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு பக்கம். அதில் இணையதள முகவரி, விண்ணப்ப எண், லாகின் பெயர், கட்டிய பணம், பணம் கட்டிய பரிவர்த்தனை எண், அடுத்த தேதி, அந்தத் தேதியில் செய்ய வேண்டிய வேலை. பாஸ்வேர்டை எழுதுவதாக இருந்தால் நோட்டு வீட்டைத் தாண்டக் கூடாது.

மாணவர் பெயரிலேயே ஒரு மெயில் ஐடி தொடங்குங்கள். வீட்டிலேயே இருக்கும் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, அட்மிஷன் முடியும் வரை அதற்கு ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சென்டரில் விண்ணப்பம் போட்டாலும் பாஸ்வேர்டை நீங்களே டைப் செய்யுங்கள். கிளம்பும் முன் பூர்த்தியான விண்ணப்பத்தின் பிரிண்டை வாங்கி, ஒவ்வொரு வரியாகப் படித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே சென்டர்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டீர்களா? பதற்றம் வேண்டாம். அந்தக் கலந்தாய்வின் உதவி மையத்துக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் போய் மாற்ற முடியுமா என்று இப்போதே கேளுங்கள். பொதுவான சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண் இருக்கிறது.

"ஒரிஜினலைக் கொடுங்க, சீட் போட்டு வைக்கிறோம்" என்றால்?

கலந்தாய்வுக்கு முன்பே சில தனியார் கல்லூரிகளின் ஆட்கள் இப்படி வீடு தேடி வருவதுண்டு. அசலைக் கொடுத்துவிட்டால், சரிபார்ப்புக்குக் கூப்பிடும்போது கையில் காட்ட ஒன்றும் இருக்காது. கல்லூரிகள் அசல் மதிப்பெண் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. மாற்றுச் சான்றிதழான டிசி மட்டும் சேரும்போது கல்லூரிக்குப் போகும். அதை முன்பே ஐந்தாறு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இணையதளம் பார்க்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை. தினமும் ராத்திரி சாப்பிடும்போது, "நாளைக்கு எந்த தேதிப்பா, நோட்டை எடு பார்ப்போம்" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், தேதி தவறாது.