சூடு இன்னும் தீரவில்லை



சென்ற மாதம் வந்த கடிதங்களில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியதை மட்டும் தனியே எடுத்து வைத்திருந்தேன். “பூமி பிறந்து 450 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. சுற்றிலும் கடுங்குளிரான விண்வெளி. பிறகு ஏன் பூமியின் உள்ளே இன்னும் ஆறவில்லை?” என்று கேட்டிருந்தார். ஒற்றை வரியில் பதில் சொல்லி முடித்துவிட மனம் வரவில்லை. இம்மாதம் இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கேள்விக்குத்தான்.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்த்தவர் வில்லியம் தாம்சன். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர். சுரங்கத்தில் இறங்க இறங்கச் சூடு ஏறும் என்பது அவர் காலத்திலேயே தெரிந்த செய்தி. கோலார் தங்கவயலில் வேலை பார்த்த நம் வட ஆர்க்காட்டுக் குடும்பங்களுக்கு இதை யாரும் பாடமாகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் கீழே பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். உருகிய நிலையில் தொடங்கிய பூமி, இன்று சுரங்கங்களில் காணும் அளவுக்கு ஆற எத்தனை காலம் பிடித்திருக்கும் என்று கெல்வின் 1862-இல் கணக்கிட்டார். 2 கோடி ஆண்டுகளிலிருந்து 40 கோடி ஆண்டுகளுக்குள் என்று விடை வந்தது. 1897-இல் அதையும் சுருக்கி 2 முதல் 4 கோடி என்றார். உயிரினங்கள் மெல்ல மெல்ல மாறிவந்தன என்ற டார்வினுக்கு இந்தக் காலம் போதவே போதாது.

பிற்பாடு கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, கெல்வினின் கணக்கு தப்பாகிவிட்டது என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். அதில் பாதிதான் உண்மை. கெல்வினிடம் முன்பு உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி, 1895-இலேயே வேறொரு ஓட்டையைச் சுட்டிக்காட்டினார். கெல்வினின் பூமி உள்ளே அசையாத திடப்பொருள். அதில் மேல் அடுக்கு மட்டும் ஆறும். ஆழத்துச் சூடு மேலே வர வழியில்லை. உள்ளே இருப்பது மெல்ல நகரக்கூடியதாக இருந்தால்? அடியிலிருந்து சூடு வந்துகொண்டே இருக்கும், மேலோட்டின் அடிப்பாகம் நெடுங்காலம் ஆறாமல் நிற்கும். அப்படிப் பார்த்தால் பூமியின் வயது 200 கோடி, 300 கோடி ஆண்டுகளாகக்கூட இருக்கலாம் என்றார் பெர்ரி. மேலோட்டுக்குக் கீழே இருக்கும் பாறை, திடமாக இருந்துகொண்டே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பது இன்று நமக்குத் தெரியும். கண்டங்கள் நகர்வதும் அதனோடு சேர்ந்ததுதான். தன் ஆசிரியரைவிட உண்மைக்கு அருகில் போய் நின்ற பெர்ரியின் பெயர் நம் பாடப்புத்தகங்களில் இல்லையே என்பது என் வருத்தம்.

சரி, அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு, பிறந்தபோதே கிடைத்தது. பாறைகள் மோதி மோதிச் சேர்ந்ததில் பிறந்த சூடு, இரும்பு கனம் தாங்காமல் நடுவுக்கு இறங்கியபோது கிடைத்த சூடு. மறு பங்கு இன்றைக்கும் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்க அணுக்கள் சிதையும்போது வருவது அது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். அதில் பாதி சிதையவே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும்.

பூமி இப்போது வெளியே விடும் சூடு சுமார் 47 லட்சம் கோடி வாட். இதில் ஏறத்தாழப் பாதி கதிரியக்கத்தால் வருவது. பூமிக்குள் யாரும் போகாமல் இதை எப்படிச் சொல்கிறார்கள்? அணுக்கள் சிதையும்போது நியூட்ரினோ வகைத் துகள்களும் பிறந்து, பூமியையே துளைத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஜப்பானில் கமியோகா சுரங்கத்துக்குள் இருக்கும் காம்லேண்ட் கருவி அவற்றை 2005-இல் முதன்முதலாக இனம் கண்டது. (காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் உண்டாக்கும் நியூட்ரினோக்களை 1965-இலேயே உணர்ந்த இடங்களில் ஒன்று நம் கோலார் சுரங்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

ஆறுவதில் உருவத்தின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. அண்டாவில் கொதித்த வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்கும். டம்ளரில் ஊற்றியது சீக்கிரம் ஆறிவிடும். நிலா சிறியது. அதுவும் ஒரு காலத்தில் உருகிய பாறைக் கடலாக இருந்தது என்ற கருத்துக்கு, சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி தென்பகுதி மண்ணில் செய்த ஆய்வும் வலுச் சேர்த்தது. அப்போலோ 15, 17 பயணங்களில் வீரர்கள் துளையிட்டு அளந்தபோது, ஒரு சதுர மீட்டருக்கு வெளிவரும் சூடு பூமியில் வருவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இருந்தது.

அப்படியென்றால் வியாழனின் நிலவான ஐயோவும் ஆறிப்போயிருக்க வேண்டும். அது நம் நிலாவைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். ஸ்டேன்டன் பீல், பேட்ரிக் கேசன், ரே ரெனால்ட்ஸ் ஆகிய மூன்று விஞ்ஞானிகளும் அப்படி நினைக்கவில்லை. வியாழனின் இன்னொரு நிலவான யூரோப்பா ஒரு சுற்று வருவதற்குள் ஐயோ இரண்டு சுற்று வந்துவிடுகிறது. அந்த ஒழுங்கான இழுப்பு, ஐயோவின் பாதையை வட்டமாக விடாமல் சற்று நீள்வட்டமாகவே வைத்திருக்கிறது. வியாழனை நெருங்கும்போது ஒரு இழுப்பு, விலகும்போது வேறொரு இழுப்பு. திடமான தரையே ஏறி இறங்குகிறது. அந்த உராய்வில் பிறக்கும் சூட்டில் உள்ளே பாறை உருகியிருக்கும் என்று அவர்கள் எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2 அன்று ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. மார்ச் 5 அன்று வாயேஜர்-1 வியாழனை நெருங்கிக் கடந்தது. மார்ச் 9 அன்று, விண்கலத்தின் பாதையைக் கணிக்கும் பொறியாளரான லிண்டா மொராபிட்டோ, மங்கலான விண்மீன்கள் தெரியட்டும் என்று ஒரு படத்தின் ஒளியைக் கூட்டினார். ஐயோவின் விளிம்புக்கு மேலே குடை போல் ஒரு மேகம் நின்றது. எரிமலை! பூமிக்கு வெளியே எரிமலை ஒன்று குமுறிக்கொண்டிருப்பதை மனிதர்கள் கண்டது அதுதான் முதல் முறை. கட்டுரை அச்சாகி அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இன்றைய அளவீடுகளின்படி, ஒரு சதுர மீட்டருக்கு ஐயோ வெளியிடும் சூடு பூமியினுடையதைப் போல இருபது மடங்குக்கும் மேல். ஜூனோ விண்கலம் 2023 டிசம்பரிலும் 2024 பிப்ரவரியிலும் சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவு வரை அதன் அருகே போய் வந்தது. ஐயோவின் தரைக்கு அடியில் உருகிய பாறைக் கடல் முழுக்கச் சூழ்ந்திருக்கும் என்றொரு கருத்து உண்டு. அப்படி ஆழம் குறைந்த கடல் எதுவும் இல்லை, உள்ளே பெரும்பகுதி திடமாகவே இருக்கிறது என்று ஜூனோவின் அளவீடுகள் காட்டின.

இதே இழுபறியில் கொஞ்சம் யூரோப்பாவுக்கும் கிடைக்கிறது. அங்கே பனி ஓட்டுக்கு அடியில் உப்புநீர்க் கடல் உறையாமல் இருப்பதற்கு அந்தச் சூடே காரணம் என்று கருதுகிறார்கள். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030 ஏப்ரலில் வியாழனை அடைய வேண்டும். அதில் ஒரு வெப்பக் கேமரா இருக்கிறது. பனிப்பரப்பில், அக்கம்பக்கத்தைவிடச் சற்றே வெதுவெதுப்பான இடம் எங்காவது தென்படுகிறதா என்று அது தேடும்.

அன்புடன்,
ஆசிரியர்