"போர்டு போச்சு" என்று சொல்வதற்கு முன்னால்...

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்று கடைக்குக் கொண்டு போனால் பல இடங்களில் கேட்கும் முதல் பதில், "போர்டு போச்சு சார்". திறந்து பார்ப்பதற்கு முன்பே இந்தத் தீர்ப்பு வந்துவிடுகிறது. நாமும் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் எங்கள் தெருவில் ஓர் ஆராய்ச்சி மாணவி வாடகைக்கு இருக்கிறார். 1984-ல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இங்குதான் இருக்கிறது என்பதால், எங்கள் ஊரில் இப்படித் தங்கிப் படிப்பவர்கள் உண்டு. அவருடைய கம்ப்யூட்டர், பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி அவருடைய தம்பி அசெம்பிள் செய்து கொடுத்தது. ஐப்பசி மழையில் இரண்டு நாள் கரண்ட் வந்து வந்து போனது. மூன்றாம் நாள் பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் இல்லை. மலையிறங்கி ஒரு கடைக்குக் கொண்டு போனார். போர்டு போய்விட்டது, ப்ராசஸரும் சந்தேகம்தான், 14 ஆயிரம் ஆகும் என்றார்களாம். ஆய்வேட்டின் நான்கு அத்தியாயங்கள் அதில்தான் இருக்கின்றன. வேறு காப்பி இல்லை.

"அண்ணா, பணத்தைக் கூட எப்படியாவது பார்த்துக்குவேன். தீசிஸ் போயிடுமா?" என்று கேட்டார். போர்டு போனால் டிஸ்க் போகாது, இரண்டும் வேறு வேறு என்றேன். இந்த ஒரு வார்த்தையை அந்தக் கடையில் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பெட்டியைத் திறந்து மின் இணைப்பு கொடுத்தேன். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. பாதி பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. 1995-ல் இன்டெல் கொண்டு வந்த ஏ.டி.எக்ஸ். முறையில், கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகும் எஸ்.எம்.பி.எஸ். ஒரு 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இது ஊதா நிற ஒயரில், 9-ஆம் பின்னில் வரும். நாம் முன்பக்க பட்டனை அழுத்தும்போது மின்சாரத்தை நேராக ஆன் செய்வதில்லை. "ஆரம்பிக்கலாம்" என்று போர்டுக்கு ஒரு சைகை மட்டும்தான் காட்டுகிறோம். போர்டு பச்சை ஒயரைத் தரையோடு, அதாவது கிரவுண்டோடு இணைக்கும். அதன் பிறகுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக விழித்துக்கொள்ளும்.

எனவே பட்டன், போர்டு, எஸ்.எம்.பி.எஸ். என்ற மூன்று பேரில் யார் பேசாமல் இருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு ஒரு ஜெம் கிளிப்பும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பு ஒயரையும் கிளிப்பால் இணைத்தேன். இப்போது வரும் பல எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும். அப்போது பின் எண்ணைப் பார்க்க வேண்டும்: 16-ஆம் பின்னும் 17-ஆம் பின்னும். வேறு பின்னில் கிளிப்பைச் செருகிவிடாதீர்கள். பிளக்கை மாட்டி ஸ்விட்ச் போட்டதும் எஸ்.எம்.பி.எஸ். ஃபேன் சுற்றியது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருந்தது. ஃபேன் சுற்றினால் மட்டும் நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்று நம்பிவிடக் கூடாது. சுமை இல்லாதபோது சரியாக இருந்து, சுமை ஏறியதும் படுத்துவிடுபவை உண்டு.

அடுத்து கனெக்டரைத் திரும்ப மாட்டி, முன்பக்க பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரைப் போர்டிலிருந்து பிடுங்கினேன். அந்த இரண்டு பின்களை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு விநாடி தொட்டேன். கம்ப்யூட்டர் ஆன் ஆகிவிட்டது!

போனது கேபினட்டின் பட்டன். அதன் உள்ளே உள்ள தகடு பச்சை பூத்துக் கிடந்தது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். இந்தப் பக்கமெல்லாம் மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அழைக்காத விருந்தாளியாக வீட்டுக்குள் வந்து உட்காரும். மலிவான கேபினட் பட்டன்கள் அதைத் தாங்குவதில்லை.

இதைச் சொல்லிப் பெருமைப்பட எனக்குத் தகுதி கிடையாது. பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்கு நானே "போர்டு போச்சு" என்று சொல்லிப் புது போர்டு வாங்க வைத்தேன். புது போர்டும் ஆன் ஆகவில்லை. உப்பிப்போன கெபாசிட்டர்களோடு எஸ்.எம்.பி.எஸ்.தான் செத்துக் கிடந்தது. அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"ஆன் ஆகவில்லை" என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. ஃபேன் அரை சுற்று சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் என்று சந்தேகப்படலாம். போர்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஓர் ஒற்றை ஸ்க்ரூ கூடக் காரணமாகலாம். ஃபேன் நன்றாகச் சுற்றியும் திரை இருட்டாக இருந்தால் அது பவர் பிரச்சினையே இல்லாமல் இருக்கலாம். ப்ராசஸர் பக்கத்தில் செருக வேண்டிய தனி 8 பின் கனெக்டரை மறந்திருப்போம். டி.டி.ஆர். 5 ராம் உள்ள புது போர்டு முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ளவே சில நிமிடங்கள் எடுக்கும். பொறுமையில்லாமல் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்துதான். எது என்று தெரியாவிட்டால் போர்டு, ப்ராசஸர், ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ். இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இந்த நிலையிலும், வேறொரு நல்ல எஸ்.எம்.பி.எஸ். வைத்தும் அசையவில்லை என்றால்தான் போர்டின் மேல் கை வைக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும். மாடுலர் வகையாக இருந்தால் ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டாதீர்கள். பொருந்துகிற மாதிரி இருக்கும், ஆனால் பின் வரிசை மாறியிருந்தால் ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.

கேபினட்டைத் தொட்டால் கை சுர்ரென்கிறதா? எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஃபில்டர் வழியாக ஏறத்தாழ பாதி மின் அழுத்தம் பெட்டியில் வந்து நிற்கிறது. பாறை நிலத்தில் கட்டிய மலை வீடுகளில் நல்ல எர்த் கிடைப்பது கடினம். கம்ப்யூட்டர் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எலக்ட்ரீஷியனுக்கு ஒதுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து மின்சாரம் இல்லாமல் போனது. அப்படிப் போன கரண்ட் திரும்ப வரும் நேரம்தான் ஆபத்து. பிளக்கைப் பிடுங்கி வைப்பதற்குக் காசு ஆகாது.

போர்டை மாற்ற அவசரப்படக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024-ல் வந்த விண்டோஸ் 11, 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டுவிடும். பூட்டின் சாவி போர்டோடு கட்டப்பட்டிருக்கிறது. போர்டை மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அப்படி ஒரு கீ இருப்பதே அந்த மாணவிக்குத் தெரியாது. அவருடைய கணக்கில் தேடி எடுத்து நோட்டில் எழுதி வைத்தோம். பிறகு நான்கு அத்தியாயங்களையும் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்தோம்.

புது பட்டனுக்கு மலையிறங்க வேண்டியிருக்கவில்லை. ரீசெட் பட்டனின் ஒயரைப் பவர் பட்டனுக்கான பின்களில் செருகிவிட்டேன். ரீசெட்டை யார் அழுத்துகிறார்கள்? இப்போது அவர் ரீசெட்டை அழுத்தித்தான் கம்ப்யூட்டரை ஆன் செய்கிறார். ஐந்தாவது அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது.