தேயிலை பறிக்கும் நூறு ரூபாய்

பழைய பணத்தாள் ஒன்று கைக்குக் கிடைத்தவுடன், 'இதற்கு இன்று எத்தனை இலட்சம் தருவார்கள்?' என்றே பலரும் வினவுகின்றனர். மாணவர்களே, அவ்வினாவைச் சற்றுத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து.

முதல் உலகப்போரின்போது வெள்ளிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால் 1917ஆம் ஆண்டில் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. அதன் பின்புறத்தில் எட்டு மொழிகளில் மதிப்பு எழுதப்பட்டிருந்தது. அவற்றுள் தமிழும் ஒன்று. ரிசர்வ் வங்கி தோன்றியதோ 1935இல்தான். 1954இல் வந்த ஆயிரம் ரூபாய்த் தாளில் தஞ்சைப் பெரிய கோயிலைக் காணலாம். 1975இல் வந்த நூறு ரூபாய்த் தாளின் பின்புறத்தில் வேளாண் காட்சிகளோடு தேயிலை பறிக்கும் காட்சியும் இடம்பெற்றது. மூணாற்று மலைச்சரிவுகளில் அத்தொழிலைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களுள் இருக்கலாம். பறித்த கைகளுக்கு அத்தாள் எளிதில் வந்து சேரவில்லை என்பது வேறு செய்தி.

இனி விலைக்கு வருவோம். பழமை மட்டுமே விலையைக் கூட்டுவதில்லை. கோடிக்கணக்கில் அச்சான தாள், எத்துணைப் பழையதாயினும் எங்கும் கிடைக்கும். அரியதாகவும், மடிப்போ கறையோ இல்லாததாகவும் இருப்பதையே சேகரிப்போர் நாடுவர். கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டுவது அதனைப் பாழாக்குவதே ஆகும். 786 என்னும் எண்ணுக்கு இலட்சங்கள் கிடைக்கும் என்று கூறி முன்பணம் கேட்போரிடம் எச்சரிக்கை தேவை. தன் பெயரைப் பயன்படுத்திப் பழைய தாள்களுக்குக் கட்டணமும் வரியும் கேட்பவர்களை நம்ப வேண்டா என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவித்தது. 2016இல் செல்லாதவையான 500, 1000 ரூபாய்த் தாள்களைப் பத்துக்கு மேல் வைத்திருத்தல் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆய்வுக்கும் சேகரிப்புக்கும் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம்.

விலைபோகாத தாளையும் நான் போற்றுவேன். வாளையாற்றின் இருபுறமும் செல்லும் இன்றைய தாளின் மொழிப்பட்டியலைப் பாருங்கள். மலையாளம் ஏழாவது வரியிலும் தமிழ் பதின்மூன்றாவது வரியிலும் உள்ளன; ஆங்கிலப் பெயர்களின் அகரவரிசையே அதற்குக் காரணம். வரிசை சிறு செய்தி அன்று. மொரீசியசு நாட்டில் 1998இல் வெளிவந்த புதிய தாள்களில் தமிழ், இந்திக்குப் பின் வைக்கப்பட்டது. அங்குக் குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்றது. பின்னர் வந்த தாள்களில் தமிழ், பழையபடி இந்திக்கு முன் நின்றது. தமிழ் எண்களையும் அந்நாட்டுத் தாள்களில் இன்றும் காணலாம்.

உங்கள் பாட்டியின் இரும்புப்பெட்டியில் பழைய தாள் ஏதேனும் கிடைத்தால், அது எந்த ஆண்டில், எந்த வேலைக்குக் கிடைத்த கூலி என்று கேட்டு, ஒரு தனித்தாளில் எழுதி அதனுடன் வையுங்கள். பணத்தாளின் மீது எழுதிவிடாதீர்கள்.