சொந்த வீட்டில் அனுமதி கேட்கும் முதியோர்

2025ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் நமது உச்சநீதிமன்றம் ஒரு தாயின் வழக்கில் தீர்ப்பளித்தது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த அந்தத் தாய் தம் சொத்தை மகனுக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்ததாகவும், பிறகு தம்மைக் கைவிட்டதோடு மீதிச் சொத்தையும் கேட்டுத் தாக்கியதாகவும் அவர் முறையிட்டார். தானப் பத்திரம் செல்லாது, சொத்து தாயின் கைக்கே திரும்ப வேண்டும் என்றது நீதிமன்றம். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றமும் இதேபோன்ற ஒரு வழக்கில், பத்திரத்தில் நிபந்தனை எதுவும் எழுதப்படாவிட்டாலும், அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கின்றேன் என்று முதியவர் எழுதியிருப்பதிலேயே தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருக்கின்றது என்று கூறியது.

நன்றி கெட்ட பிள்ளைகளுக்குச் சரியான பாடம் என்று பலரும் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். ஆனால் அன்பார்ந்த இறைமக்களே, நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி அதற்கு முந்தியது. உயிரோடு இருக்கும்போதே, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, தம் தலைக்கு மேல் இருக்கும் கூரையைப் பெற்றோர் ஏன் எழுதிக் கொடுத்துவிடுகின்றனர்?

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் குருக்கள் எல்லாருக்கும் ஒரு காட்சி பழக்கமானது. பாட்டியின் கட்டில் முன்பு நடுக்கூடத்தில் இருக்கும். ஒரு வருடம் கழித்துப் போனால் பின்தாழ்வாரத்தில் இருக்கும். "சாப்பிட்டீங்களா அம்மா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் அவர் மகனின் முகத்தையோ மருமகளின் முகத்தையோ ஒருமுறை பார்த்துக்கொள்வார். முதியோர் உதவித்தொகை வரும் வங்கி அட்டை யாரிடமோ இருக்கும். பக்கத்து ஊரில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போக வேண்டும் என்றால் யாரையோ கேட்க வேண்டும். அடி உதை இல்லை, பட்டினியும் இல்லை, மருந்து மாத்திரையும் கிடைக்கின்றது. ஊரார் பார்வையில் நன்றாகப் பார்த்துக்கொள்ளப்படும் முதியவர்தான். ஆனால் அவர் கட்டிய வீட்டில் அவர் எதையும் தீர்மானிப்பதில்லை. விசாரித்தால் பல இடங்களில் ஒரே விடை கிடைக்கும்: "வீட்டை போன வருஷமே தம்பி பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டோம் சாமி."

செட்டில்மெண்ட் எழுதுவதற்குக் காரணங்கள் உண்டு. தமிழகத்தில் குடும்பத்தினருக்குள் எழுதும் செட்டில்மெண்டுக்கு விற்பனைப் பத்திரத்தைவிட முத்திரைக் கட்டணம் மிகக் குறைவு, அதற்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. வீட்டுக்கடன் வாங்கப் பத்திரம் தன் பெயரில் வேண்டும் என்பான் மகன். நாளைக்குப் பிள்ளைகள் சண்டை போடக்கூடாது என்பார் அப்பா. இன்னொரு காரணமும் உண்டு, அதை வெளியே சொல்லமாட்டார்கள்: பெண்பிள்ளைகளுக்குப் பங்கு போகாமல் இருக்க வேண்டும். நம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி ஆண், பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. அந்த மூன்றில் ஒரு பங்கு தமக்கு உண்டு என்பது தெரியாமலேயே, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்த விதவைத் தாய்மார் எத்தனை பேர்! பிறகு மகன் வீட்டில் மனத்தாங்கல் வந்து அந்தத் தாய் பையோடு வெளியேறும்போது கதவைத் திறப்பவள், பங்கு கிடைக்காத அந்த மகளாகவே பெரும்பாலும் இருக்கின்றாள்.

திருக்குடும்பப் பெருவிழாவன்று சீராக்கின் ஞான நூல் 3ஆம் அதிகாரத்திலிருந்து வாசகம் கேட்கின்றோம். தந்தை அறிவு மங்கினாலும் அவரை இகழாதே என்ற அறிவுரை நம் எல்லாருக்கும் தெரியும். அதே நூலின் 33ஆம் அதிகாரத்தை ஞாயிறு வாசகமாக நாம் கேட்பதில்லை. அங்கே பிள்ளைகளுக்கு அல்ல, பெற்றோருக்கே அறிவுரை தரப்படுகின்றது. உயிரோடு இருக்கும்வரை மகனோ, மனைவியோ, சகோதரனோ, நண்பனோ உன்மேல் அதிகாரம் செலுத்த இடம் கொடாதே. உன் உடைமையை மற்றவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு கெஞ்சி நிற்காதே. நீ பிள்ளைகளின் கையை எதிர்பார்ப்பதைவிட அவர்கள் உன்னிடம் கேட்பதே மேல். உன் வாழ்நாள் முடியும் வேளையில் சொத்தைப் பகிர்ந்து கொடு என்கின்றார் அந்த ஞானி (33:20-24). கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளுக்கு முன் எருசலேமில் எழுதியவர், நம் பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கின்றார். மனைவியையும் சேர்த்து அவர் சொல்வது அந்தக் காலத்து ஆண்களின் பேச்சு. இன்று அதே எச்சரிக்கை மனைவியருக்கே அதிகம் தேவை.

இது சுயநலம் இல்லையா, பிள்ளைகளை நம்பாமல் இருப்பது கிறிஸ்தவப் பண்பா என்று சிலர் கேட்பர். பாசம் வேறு, அதிகாரத்தைக் கைமாற்றுவது வேறு. வீடு தாயின் பெயரில் இருக்கும்போதும் மகன் அன்பாக இருக்கலாம். உண்மையில் அப்போதுதான் அந்த அன்பு இருவருக்கும் எளிதாக இருக்கின்றது. ஒருவர் மற்றவரின் தயவில் வாழத் தொடங்கியபின் நல்ல குடும்பத்திலும் பேச்சின் தொனி மாறிவிடுகின்றது. 1991இல் ஐக்கிய நாடுகள் சபை முதியோருக்கான கோட்பாடுகளை வெளியிட்டபோது, பிறரைச் சாராமல் வாழ்வதை முதலிலும், பராமரிப்பை அதன் பிறகும் வைத்தது. மாண்பு என்ற தலைப்பும் அதில் தனியே உண்டு. முதியோருக்கான அனைத்துலக ஆண்டாகிய 1999இல், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தமது 79ஆம் வயதில், தாமும் ஒரு முதியவராக, முதியோருக்கு மடல் எழுதினார். தம் வீடு என்று ஒருவர் உணரும் சூழலே முதுமையைக் கழிக்க இயல்பான இடம் என்று அதில் குறிப்பிட்டார். தம் வீடு என்று உணர வேண்டும் என்றால், அங்கே அவர் சொல் செல்ல வேண்டும் அல்லவா?

பிள்ளைகளின் கடமை இதனால் குறைவதில்லை. நான்காம் கட்டளையை மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குக் கற்பிக்கின்றோம். சொன்ன பேச்சைக் கேட்க வேண்டும் என்று விளக்குகின்றோம். இயேசு அந்தக் கட்டளையை எடுத்துப் பேசியது சிறுவர்களிடம் அல்ல. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள வழிசெய்த, வளர்ந்த, படித்த, பக்தியுள்ள மனிதர்களிடம் பேசினார் (மாற்கு 7:9-13). கோவில் திருவிழாவிற்குப் பெரிய தொகை எழுதிவிட்டு, ஊரில் இருக்கும் அம்மாவிற்கு மாதம் ஆயிரம் ரூபாய் அனுப்பக் கணக்குப் பார்ப்பவர் யாராவது இருந்தால், அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கட்டும். திருவிழாக் குழுவினர் இதற்காக நம்மைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சட்டம் என்ன சொல்கின்றது? 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் நிறைவேறியது. வளர்ந்த மகன், மகள், பேரன், பேத்தி எல்லாருமே அதன்படி பொறுப்புடையவர்கள். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பராமரிப்புத் தொகைக்கான மனுவை 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை தொகை நிர்ணயிக்க 2007ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது. முதியவரைக் கைவிட்டு ஓடுவதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று அதே சட்டம் வகுத்தது. 23ஆம் பிரிவுதான் நாம் மேலே பார்த்த தீர்ப்புகளின் அடிப்படை: பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கும்படி முதியவர் கேட்கலாம்.

நிபந்தனையோடு என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். 2022 டிசம்பரில் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில், அப்படியொரு நிபந்தனை இருந்ததாகக் காட்டப்படவில்லை என்பதால் பத்திரத்தை ரத்து செய்ய மறுத்தது. 2025 தீர்ப்புகள் முதியோர் பக்கம் தாராளமாகப் பொருள் கொண்டன. நம் வழக்கை விசாரிப்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று முதுமையில் காத்திருக்க முடியுமா? பதிவான செட்டில்மெண்டை எழுதியவர் மனம் மாறினாலும் தாமாகவே ரத்து செய்துவிட முடியாது. அலைய வேண்டும், மேல்முறையீடு வரும், அதற்குள் எத்தனை பேர் கண்மூடிவிடுகின்றனர்.

ஆகவே வாழும் காலத்தில் வீடு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்பது நமது தெளிவான கருத்து. பிரித்துக் கொடுக்க விரும்பினால் உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் தேவையில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். உயிலால் பயன் பெறுபவரோ அவருடைய கணவரோ மனைவியோ சாட்சியாகக் கையெழுத்திடக் கூடாது, அப்படிச் செய்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. முக்கியமாக, தெளிவான மனத்தோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் உயிலை மாற்றலாம். கடன் போன்ற காரணத்திற்காகச் செட்டில்மெண்ட் எழுதியே தீர வேண்டுமானால், உங்கள் ஆயுட்காலம் முழுவதும் அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திர எழுத்தர் வழக்கமான படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிடுவார். முழுவதையும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்திடுங்கள்.

மருமகள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோர் துன்பம் என்றதும் மருமகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பெரும்பாலும் அவள்தான். பத்திரம் எழுதி வாங்கியவன் கணவன். மகனோடு சண்டையிட்ட பெற்றோர் இச்சட்டத்தைக் கையில் எடுத்து மருமகளைத் தெருவில் நிறுத்த முயன்ற வழக்குகளும் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் ஒரு பெண்ணுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இந்தச் சட்டத்தைக் காட்டிப் பறித்துவிட முடியாது என்று 2020இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

பங்குகளில் முதியோர் தினம் கொண்டாடுகின்றோம். மாலை, சேலை, வேட்டி, மதிய விருந்து எல்லாம் உண்டு. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டிகளுக்கான உலக நாளை ஏற்படுத்திய பிறகு ஜூலை மாதத்திலும் ஒரு விழா சேர்ந்திருக்கின்றது. நல்லதுதான். அத்துடன் அந்த நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, சட்டம் தெரிந்த பங்கு உறுப்பினர் ஒருவரை அழைத்து, உயில் என்றால் என்ன, செட்டில்மெண்ட் என்றால் என்ன என்று பேசச் சொல்லலாம். 14567 என்ற மூத்த குடிமக்களுக்கான உதவி எண்ணைக் கோவில் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். அன்பியக் கூட்டம் மாதம் ஒருமுறையாவது நடக்க முடியாதவரின் வீட்டில் நடந்தால், அவரோடு தனியாகப் பேச நாலு பேருக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

யாராவது ஒருவர் துன்பப்படுவது தெரிந்தால், அவருக்காக வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச் செய்யவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்த முதியவர் அதற்குத் தம் ஒப்புதலைத் தந்திருக்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் பங்குப் பேரவையினரும் இதை நினைவில் கொள்ளட்டும். "பெத்த பிள்ளையை ஆபீஸ் படி ஏத்த வேணாம் சாமி" என்று அவர் சொன்னால், அவரை மீறி நாமாக எதையும் எழுதிக் கொடுக்கக் கூடாது. விசாரணைக்கு முன்பே சமரச அலுவலரிடம் அனுப்பிப் பேசித் தீர்க்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கின்றது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லலாம். யோசித்துச் சொல்ல அவருக்கு நாள் கொடுத்துவிட்டு, அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணையோடு செல்லும்போது மீண்டும் கேட்கலாம்.