கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பையனும் வைப்பின் தீவுப் பெண்ணும் காதலிக்கும் ராஜீவ் ரவியின் ‘அன்னயும் ரசூலும்’ (2013) மலையாளப் படத்தைப் பார்த்தவர்கள், ஃபகத் ஃபாசிலைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதில் தலைகாட்டும் பௌளி வல்சனைப் பற்றிப் பேச வேண்டும். வைப்பின்காரர். ஊர் ஊராக நாடகம் போட்டுத் தேறியவர். சினிமா அவரைக் கூப்பிட்டது நடுவயதுக்குப் பிறகுதான். அதுவும் பெரும்பாலும் துண்டு வேடங்களுக்கு.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘ஈ.ம.யௌ.’வில் கணவனைப் பறிகொடுத்த பெண்ணம்மாவாக அவர் வைக்கும் ஒப்பாரியைக் கேளுங்கள். துக்கம் நிஜம், ஆனால் வாசலில் யார் வருகிறார்கள் என்பதில் ஒரு கண். அழுகையின் நடுவிலேயே குறையும் பெருமையும் கலந்து வருகின்றன. நம் ஊர் இழவு வீடுகளை அறிந்தவர்களுக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். மைக்கை மட்டும் நம்பாமல் கடைசி வரிசைக்கும் கேட்கப் பேசிப் பழகிய தொண்டைக்குத்தான் இது வசப்படும்.

அந்தப் படத்துக்கும் ‘ஒற்றமுறி வெளிச்ச’த்துக்குமாக 2017-க்கான கேரள அரசின் குணச்சித்திர நடிகை விருது கிடைத்தது. இங்கிலாந்தில் நடிகை ஜூடி டென்ச்சுக்கு மேடைதான் முதல் தகுதி. ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’வில் சுமார் எட்டே நிமிடம் வந்து ஆஸ்கர் வாங்கினார். நம் சினிமாவோ நாடகக்காரிகளை அம்மாவாகவும் அண்டை வீட்டுக்காரியாகவும் மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. (தமிழ்ப் படவுலகம் இதில் இன்னும் மோசம்.) அவர்களை நடுவில் வைத்துக் கதை எழுத ஏன் இத்தனை தயக்கம்?