மீட்கும் கைகளுக்குப் பாதுகாப்பு எங்கே?

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியே போகிறது. குற்றால சீசனிலும் சபரிமலைக் காலத்திலும் வெளியூர்க் கார்கள் இச்சாலையில் இரவு பகலாக ஓடுகின்றன. விபத்து நேர்ந்தால் முதலில் ஓடி வருவது யார்? இரவு ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பஞ்சாலைத் தொழிலாளி. வரப்பில் நிற்கும் விவசாயத் தொழிலாளி. தீயணைப்பு வண்டியும் 108 ஆம்புலன்சும் வந்து சேருமுன் கதவை நெம்பி உயிரை வெளியே எடுப்பவை இவர்களுடைய கைகளே. அந்தக் கைகளுக்கு இப்போது புதியதொரு அபாயம் வந்திருக்கிறது.

பெட்ரோல் என்ஜினும் மின்சார மோட்டாரும் சேர்ந்து இயக்கும் ‘ஹைப்ரிட்’ கார்களைத்தான் சொல்கிறோம். 1997-ல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரியஸ் காரை விற்பனைக்கு விட்டது. 2022 முதல் இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா முதலியவை நம் சாலைகளுக்கும் வந்துவிட்டன. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். இக்கார்களின் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அதையும் மிஞ்சக்கூடியது. முழு மின்சாரக் காரைப் பச்சை நம்பர் பலகையால் கண்டுகொள்ளலாம். ஹைப்ரிட் காருக்கோ மற்றக் கார்களைப் போல வெள்ளைப் பலகைதான். வாடகைக் காரானால் மஞ்சள். ஆங்கிலத்தில் பொறித்த ஒரு சொல்லே முக்கிய அடையாளம். மோதலில் அது நசுங்கிவிட்டால் அதுவும் போயிற்று!

அப்படியானால் விலகி நிற்பதா? கூடாது. உயர் அழுத்த மின்சாரம் காரின் உடலில் பாயாதபடி தனியே பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. காரைத் தொட்ட மாத்திரத்தில் ஷாக் அடிக்கும் என்பது வீண் பயம். ஆயினும் சில விஷயங்களை ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்திருக்க வேண்டும்.

சத்தமில்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டதாக எண்ணக் கூடாது; அது திடீரென்று நகரக்கூடும். முன்னும் பின்னும் நிற்காமல் பக்கவாட்டில் அணுகி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். கை எட்டினால் கியரை ‘பி’யில் தள்ள வேண்டும். ஸ்டியரிங் எதிரே விளக்குகள் எரிந்தால் மட்டும் பவர் பொத்தானை ஒருமுறை அமர்த்தி அணைத்து, சாவியைத் தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும். ஆரஞ்சு நிறக் கேபிளை எக்காரணத்தைக் கொண்டும் தொடவோ வெட்டவோ கூடாது. அது வண்டியின் அடியில் ஓடுவதால் அங்கே கடப்பாரையைச் செருகி நெம்பவும் கூடாது. பம்ப்செட்டில் கரண்ட் நின்ற பிறகும் கண்டன்சர் ஷாக் அடிப்பதை நம் விவசாயத் தொழிலாளி அறிவார். இங்கும் அதே கதைதான்: அணைத்த பிறகும் சுமார் 10 நிமிஷம் மின்சாரம் தங்கியிருக்கும். புகையோ சீறும் சத்தமோ வந்தால், ஆட்களை விரைந்து இறக்கி, காற்று வரும் பக்கமாக ஒதுங்கிவிட வேண்டும். பேட்டரிப் புகை விஷம். அத்தீ அணைந்த பின்னும் மறுபடி மூளக்கூடியது. 108-க்கோ 112-க்கோ தகவல் சொல்லும்போதே ‘ஹைப்ரிட் கார்’ என்று சொல்லிவிட வேண்டும்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய நேருமோ என்ற அச்சமும் வேண்டாம். 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயர், விலாசம் சொல்லும்படி எவரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

ஆனால் சட்டம் வழக்கிலிருந்துதான் காக்கும், மின்சாரத்திலிருந்து காக்காது. அதற்குப் பயிற்சி வேண்டும். காரை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று காட்டும் மீட்புப் படங்கள் ஐரோப்பாவில் 2020 முதல் தீயணைப்பு வீரரின் கைபேசியிலேயே கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் கம்பெனிகளுக்குத் தமிழில் ஒரு தாள் அச்சிட்டுக் கொடுக்க வக்கில்லையா?

நாம் கோருவது இதுதான். ஹைப்ரிட் கார்களுக்கும் நம்பர் பலகையில் தனி அடையாளம் வேண்டும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தீயணைப்பு வீரர்களுக்கும் 108 ஊழியர்களுக்கும் 1000 வோல்ட் தாங்கும் கையுறைகளும் முறையான பயிற்சியும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும். ஆலை வாசலிலும் கிராமச் சாவடியிலும் தீயணைப்புத் துறை நேரில் வந்து செய்து காட்ட வேண்டும்.

சிக்கியவன் காருக்குச் சொந்தக்காரனா, கூலிக்கு ஓட்டும் டிரைவரா என்று பார்த்துத் தொழிலாளி கை நீட்டுவதில்லை. அந்தக் கை கருகாமல் காப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் கடமை.